நாங்கள் விட்டுப் போகவில்லை, லாரன்ஸ் அண்ணே

என் பாசத்துக்குரிய லாரன்ஸ் அண்ணே,

இப்படித் தொடங்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். கை கேட்கவில்லை. மனசில் இருக்கிற கோபம் கைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. எழுத எழுதச் சேர்ந்துவிடும், கவலைப்படாதீர்கள்.

இங்கே துபாய் தேராவில் நம்ம கடற்கரை ஊர்க்காரர்கள் சேர்ந்து இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். ஒருத்தருடைய ஆபீஸில் சைக்ளோஸ்டைல் மெஷின் இருக்கிறது, வெள்ளிக்கிழமைகளில் முதலாளிக்குத் தெரியாமல் ஓட்டிக்கொள்கிறார்கள். இதை எழுதக் கூடாது, எழுதிவிட்டேன். மலரில் இந்த வருஷம் காலமானவர்களுக்கு என்று சில பக்கங்கள் ஒதுக்கி, உங்களைப் பற்றி எழுத என்னைக் கேட்டார்கள்.

தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். 'வளைகுடாவில் தனி ஆளாக ஸ்விங் இசையைக் காத்தவர்.' மலர் வேலையைப் பார்க்கிற சார், "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க சேவியர், அவர்கூட ட்ரம்ஸ் வாசிச்சவர் நீங்கதானே" என்றார். தனி ஆளாகவாம்! கூட வாசித்தவனிடமே கேட்கிறார்கள், தனி ஆளாக என்று தலைப்பும் போடுகிறார்கள். அதில் இருக்கிற கோளாறு அவருக்குத் தெரியவில்லை. எழுதித் தருகிறேன், தலைப்பை மட்டும் நானே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த மலரைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் நீங்கள் வாசித்துக் கேட்டிருக்க மாட்டார்கள். டியூட்டி முடிந்து ரூமுக்குப் போய்ச் சோறு பொங்குகிறவன் ஹோட்டல் நைட் கிளப்புக்கு எங்கே வருவான்? அதனால் அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களைப் பற்றி யாராவது பேசினால் பொறுத்துக்கொள்வது உங்களுக்கு எப்போதுமே கஷ்டமாக இருந்ததில்லை.

தூத்துக்குடியில் கோயில் பேண்டில் கிளாரினெட் ஊதிக்கொண்டிருந்தீர்கள். துறைமுகத்துக்கு வந்த கப்பலில் ஒரு வாத்தியக்காரர் இரவல் கொடுத்த சாக்ஸபோனை வாயில் வைத்தீர்கள், அதோடு கிளாரினெட்டை மறந்தீர்கள். பம்பாய்க்குப் போய் கோவாக்காரர்களோடு சேர்ந்து ஹோட்டல் ஹோட்டலாக ஸ்விங் வாசித்தீர்கள். பிறகு அங்கே ஹோட்டல்கள் பேண்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்த, எல்லோரும் சினிமா ரெக்கார்டிங்குக்குப் போனார்கள். உங்களையும் கூப்பிட்டார்கள், நீங்கள் போகவில்லை. "எழுதி வச்சத ஊதிட்டு வீட்டுக்குப் போறதுக்கு நான் எதுக்குல? இன்னைக்கு ஊதினத நாளைக்கும் ஊதுனா அது ஸ்விங்கே இல்ல" என்பீர்கள். இந்தப் பேச்சை எத்தனை தடவை கேட்டிருப்பேன்!

எண்ணெய் விலை ஏறி, துபாயில் எங்கே பார்த்தாலும் ஹோட்டல் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. கப்பல் கேப்டன்கள், எண்ணெய்க் கிணற்று இன்ஜினியர்கள், வெள்ளைக்கார வங்கி அதிகாரிகள், அவர்களுடைய மனைவிமார், எல்லோருக்கும் ஆட ஓர் இடம் வேண்டியிருந்தது. தேராவில் ஒரு ஹோட்டல் உங்களைக் கூப்பிட்டது. நீங்கள் பம்பாயிலிருந்து பியானோவுக்கு பெட்ரோவையும், மெட்ராஸிலிருந்து பேஸ் வாசிக்க தாஸையும், கல்யாண ரிசப்ஷன்களில் ட்ரம்ஸைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த என்னையும் கூட்டி வந்தீர்கள். ட்ரம்ஸை அடிக்கக் கூடாது, வாசிக்கணும் என்று எனக்குச் சொன்னது நீங்கள்தான். அதை இன்றைக்கும் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

விசாவில் நீங்கள் மட்டும்தான் மியூசிஷியன். பெட்ரோ குக், தாஸ் வெயிட்டர், நான் எலக்ட்ரீஷியன். எங்களுக்குப் பொறுப்பேற்று விசா எடுத்த அரபி முதலாளிக்கு, நம் கஃபீலுக்கு, கிடைத்த விசா அப்படி. ஒரு நாள் மேனேஜர் நிஜமாகவே என்னை எலக்ட்ரீஷியன் என்று நினைத்து, தன் வீட்டு ஃபேனைக் கழற்றச் சொல்லிவிட்டார். நானும் கழற்றினேன், திரும்ப மாட்டத்தான் தெரியவில்லை. நீங்கள் சிரித்துச் சிரித்து அன்றைக்குச் சாயங்காலம் சாக்ஸில் மூச்சே நிற்கவில்லை.

ஸ்விங் என்றால் என்ன என்று இப்போது நான் வேலை பார்க்கிற கடையில் யாராவது என்னைக் கேட்டால் இப்படித்தான் சொல்வேன். தாளம் நேராக நடக்காது. கொஞ்சம் சாய்ந்து, கொஞ்சம் பிந்தி, அடுத்த அடியை இடித்துத் தள்ளிக்கொண்டு போகும். நீங்கள் ஒன்று ஊதுவீர்கள், நான் சிம்பலில் பதில் சொல்வேன், பெட்ரோ நடுவில் புகுந்து கேலி செய்வான், தாஸ் எல்லோரையும் அடக்கிக் கூட்டிப் போவான். நாலு பேர் உட்கார்ந்து பேசுகிற மாதிரிதான். நேற்றுப் பேசியதையே யாராவது இன்றைக்கும் பேசுவார்களா?

நம்ம ஊர் மாதா தேர் அன்றைக்கு நாம் நாலு பேரும் இங்கே கிளப்பில் இருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? திடீரென்று தேருக்கு வாசிக்கும் பாட்டை மெல்ல எடுத்தீர்கள். நான் ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு சிம்பலில் சேர்ந்துகொண்டேன். கீழே வெள்ளைக்காரர்கள் ஜோடி ஜோடியாக ஆடினார்கள். மாதா பாட்டுக்கு ஆடுகிறோம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள் கண் நிறைந்திருந்தது. அன்றைக்கு உங்களுக்காக உயிரைக் கொடு என்றால் கொடுத்திருப்பேன்.

இனிமேல் எழுதப்போவதுதான் கஷ்டம்.

நோன்பு மாசத்தில் கிளப் மூடியிருக்கும். வருஷா வருஷம் அந்த மாசம் எங்கள் மூன்று பேரையும் லீவில் ஊருக்கு அனுப்புவார்கள், பெருநாள் முடிந்ததும் திரும்பி வருவோம். அந்த வருஷம் நோன்புக்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம், காலியான கிளப்புக்கு எங்களை வரச் சொன்னீர்கள். மேடையில் பெரிய ஸ்பூல் டேப் ரெக்கார்டர் ஒன்று, மைக்குகள். கஃபீல் நம் வாசிப்பை வீட்டில் போட்டுக் கேட்க ஆசைப்படுகிறார் என்றீர்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நம் வாசிப்பு டேப்பில் வருவது அதுதான் முதல் தடவை.

பிறகு சாக்ஸை எடுக்காமல் நின்றீர்கள். "உதட்டுல புண்ணுல. நான் ஊதல. நான் ஊதுதேன்னு நெனச்சுக்கிட்டு, எனக்கு எடம் விட்டு வாசிங்க" என்றீர்கள். பெட்ரோ சிரித்தான். "சாக்ஸ் நஹி தோ கானா கிதர் ஹை, லாரி?" சாக்ஸ் இல்லாமல் பாட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டான். அவனுக்குப் பட்டது எங்களுக்குப் படவில்லை. பிறகு அவனும் மறந்துவிட்டான்.

வாசித்தோம் அண்ணே. அவ்வளவு சுத்தமாக நாங்கள் அதற்கு முன்னால் வாசித்ததே இல்லை. நீங்கள் எங்கே மூச்சு விடுவீர்கள், எங்கே இழுப்பீர்கள், எங்கே வேண்டுமென்றே பிந்துவீர்கள் என்று எங்களுக்குத் தெரியுமே. அந்த இடத்திலெல்லாம் ஒதுங்கி நின்றோம். இல்லாத ஆளுக்கு வழிவிட்டு வாசித்தோம். கூட வாசித்துப் பழகினவர்கள்தான் இந்த முட்டாள்தனத்தைச் செய்வார்கள், வேறு எவனும் செய்ய மாட்டான். ஒரு பாட்டில் மட்டும் என் குச்சி வழுக்கி ட்ரம்மின் விளிம்பில் 'டக்' என்று பட்டது. இன்னொரு தடவை எடுக்கலாம் என்றேன். "விடுல, எவன் கேக்கப் போறான்" என்றீர்கள். அன்றைக்கு நீங்கள் ஒரு ஜோக்குகூடச் சொல்லவில்லை. புண் வலிக்கிறது போல என்று தாஸ் உங்களுக்குத் தேன் வாங்கி வந்து கொடுத்தான்.

ஏர்போர்ட் வரைக்கும் வந்து வழியனுப்பினீர்கள். "பெருநாளைக்கு மறுநா கிளப்பு தொறந்துருவாவ, என்.ஓ.சி. வந்ததும் ஏறி வந்துருங்கல" என்றீர்கள். திரும்பி வருவதற்கான அனுமதிக் காகிதம், அந்த என்.ஓ.சி., வரவேயில்லை. தந்தி கொடுத்தோம். கடைசியில் ஊருக்கு வந்த ஒருத்தர் மூலம் சொல்லி அனுப்பினீர்கள், கிளப்பையே மூடிவிட்டார்கள், கலாஸ், எல்லாம் முடிந்தது, நானும் வேறு இடம் பார்க்கிறேன் என்று. உங்களுக்காகவும் சேர்த்து வருத்தப்பட்டோம். அண்ணன் இந்த வயசில் வேறு இடம் தேட வேண்டியதாயிற்றே என்று நான் என் அம்மாவிடம் புலம்பினேன்.

அதற்குப் பிறகு நான் தேராவுக்கே திரும்பி வந்தேன், கீழக்கரை பாய் ஒருத்தருடைய எலக்ட்ரிக் கடைக்கு. விசாவில் எழுதியது கடைசியில் பலித்துவிட்டது. ஸ்பீக்கர், டேப் ரெக்கார்டர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் பழுது பார்க்கப் பழகிக்கொண்டேன். ஒரு நாள் சாயங்காலம் பாய் கூப்பிட்டு, "சேவியர் தம்பி, நீங்க முந்தி வாசிச்ச ஹோட்டல்ல ஸ்பீக்கர் ஒண்ணு கரகரங்குதாம், ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடுங்க" என்றார். மூடின கிளப்புக்கு எதற்கு ஸ்பீக்கர் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

கிளப் திறந்திருந்தது. விளக்கு எரிந்தது. ஆட்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். மேடையில் என் ட்ரம்ஸ் செட் இருந்தது, நன்றாகத் துடைத்து வைத்திருந்தார்கள். அதன் பின்னால் யாரும் இல்லை. பியானோ முன்னாலும் யாரும் இல்லை. நடுவில் நீங்கள் மட்டும் வெள்ளைக் கோட்டில் நின்று ஊதிக்கொண்டிருந்தீர்கள். ஆனால் ட்ரம்ஸ் கேட்டது, பியானோ கேட்டது, தாஸின் பேஸ் கேட்டது. ஏதோ ரெக்கார்டு என்று நினைத்துக்கொண்டு ஸ்பீக்கர் பக்கம் போனேன். அப்போது அந்த 'டக்' கேட்டது.

எனக்கு அங்கேயே ஓங்கிக் கத்த வேண்டும் போல் இருந்தது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பார்த்தும் ஊதுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் டேப் ஓடிவிடும் அல்லவா?

சமையல்கட்டுப் பக்கத்து வாசலில் வந்து நின்றீர்கள். நான் கேட்பதற்கு முன்னால் நீங்களே ஆரம்பித்தீர்கள்.

"என்னல செய்யச் சொல்லுத? பேண்டுக்குச் செலவு பண்ண முடியாது, டிஸ்கோ ரெக்கார்டு போடப் போறேன்னுட்டான் மேனேஜர். ஒரு ஆளுன்னா வச்சுக்கிடுதேன்னான். ஸ்விங்கு செத்துரக் கூடாதுல, அதான்."

"ஸ்விங்கு சாகக் கூடாது, நாங்க மட்டும் சாகலாமாண்ணே?"

"அப்பிடிச் சொல்லாத. ஒன் கை இன்னும் இங்க வாசிச்சிட்டுத்தானல இருக்கு."

"ரெக்கார்டு பண்ணும்போது ஏன் எங்ககிட்டச் சொல்லல?"

நீங்கள் சாக்ஸின் பட்டையைக் கழுத்திலிருந்து கழற்றினீர்கள். பிறகு, "சொல்லியிருந்தா வாசிச்சிருப்பியளா?" என்றீர்கள்.

அந்த ஒரு கேள்விதான் அண்ணே. வேலை போனதைக்கூட நான் மறந்துவிட்டேன். உதட்டுப் புண்ணென்று நீங்கள் நடித்ததையும், தாஸ் தேன் வாங்கி வந்ததையும், ஏர்போர்ட்டில் கட்டிப்பிடித்ததையும் அந்தக் கேள்வியோடு சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது. நாங்கள் உங்களுக்கு விட்ட இடத்தை வைத்தே எங்களை வெளியே தள்ளினீர்கள்.

உங்களிடம் கேட்க எனக்கும் ஒன்று உண்டு. அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. நீங்கள் புதிதாக ஒன்று ஊதினால் அந்த டேப்பில் இருந்த நான் என்ன பதில் சொன்னேன்? என்றைக்கோ ஒரு மத்தியானம் சொன்ன பதிலையேதானே? தினமும் அதே இடத்தில் தாஸ், அதே இடத்தில் பெட்ரோவின் கேலி, அதே இடத்தில் 'டக்'. இன்றைக்கு ஊதினதை நாளைக்கும் ஊதினால் ஸ்விங் இல்லை என்றவர் அதை எப்படித் தாங்கினீர்கள்? சலிக்கவில்லையா? அழுகை வரவில்லையா? இதையா நீங்கள் காப்பாற்றினீர்கள்?

அதற்கப்புறம் நாம் பேசிக்கொள்ளவில்லை. தேரா ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் குளச்சல் நர்ஸ் அக்கா ஒருத்தி கடைக்கு வந்து, "ஒங்க லாரன்ஸ் அண்ணன் காலைல மாரடைச்சுத் தவறிட்டாரு" என்று சொன்னாள். அடக்கத்துக்கு வந்தேன். ஓரமாக நின்றேன். அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். ஹோட்டல்காரர்கள் உங்கள் சாக்ஸை யாரிடம் கொடுப்பது என்று முழித்தபோது, அங்கே இருந்த வெயிட்டர் ஒருவன் என் கடையைக் காட்டிவிட்டான். லீவு கேட்டு வாங்கி, விமானத்திலும் ரயிலிலும் மடியிலேயே வைத்துக்கொண்டு தூத்துக்குடிக்குக் கொண்டுபோனேன்.

உங்கள் வீட்டில் அண்ணி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். உட்காரச் சொன்னார்கள். என் பேரைக் கேட்டார்கள், சொன்னேன். அவ்வளவுதான், முகம் மாறிவிட்டது.

"நீங்கதானா அந்த ட்ரம் வாசிக்கவரு? லீவுல போறோம்னு சொல்லிட்டு அவியளத் தனியா விட்டுட்டு மூணு பேரும் ஓடிட்டியளாமே. எத்தன தரம் சொல்லி அழுதிருக்காவ தெரியுமா? ஒத்தையா நின்னு வாசிக்கேன்னு எழுதுவாவ."

சுவரில் உங்கள் படம், மாலையோடு. அதற்குக் கீழே மெழுகுவத்தி. அந்தப் படத்துக்கு முன்னால், ஒரு விதவையிடம், உன் புருஷன் சொன்னது பொய் என்று எப்படிச் சொல்வேன்? குனிந்த தலையோடு எழுந்து வந்தேன். குற்றவாளி மாதிரி.

அதோடு போயிருந்தாலும் விட்டிருப்பேன். தாஸ் மெட்ராஸிலிருந்து உங்கள் நினைவுப் பூசைக்கு வந்திருக்கிறான். அண்ணியின் தம்பி அவனைக் கோயில் வாசலிலேயே மறித்து, துரோகிகளுக்கு இங்கே என்ன வேலை என்று திருப்பி அனுப்பிவிட்டார். உங்களுக்குத் தேன் வாங்கி வந்த தாஸ், அண்ணே! பூசை முடிகிற வரைக்கும் ரோட்டில் நின்றிருக்கிறான். அவனுக்கு டேப் விஷயமே தெரியாது. நான் சொல்லவில்லை, அவன் மனசு உடைந்துவிடும் என்று. இப்போது அவன் என்னிடம் கேட்கிறான், "நாம என்னடா தப்புப் பண்ணினோம்?"

ஆகவேதான் எழுதுகிறேன். ஸ்விங்கை விட்டுவிட்டு ஓடினவர்கள் என்று எங்கள் மூன்று பேரையும் ஒரு ஊரே பேசும்போது, தனி ஆளாகக் காத்தவர் என்று உங்களுக்கு என் கையால் எழுதித் தர முடியாது. வேலையை எடுத்துக்கொண்டீர்கள், போகட்டும். எங்கள் வாசிப்பை எடுத்துக்கொண்டீர்கள், அதுவும் போகட்டும். பேரையும் எடுத்துக்கொள்ள உங்களுக்கு என்ன உரிமை?

உங்களுக்கு இங்கத்திய சேதியும் சொல்ல வேண்டும். நீங்கள் போன கையோடு கிளப்பில் டேப்பை நிறுத்திவிட்டார்கள். இப்போது கலர் விளக்கு சுற்றுகிறது, டிஸ்கோ ரெக்கார்டு போட ஓர் ஆள் வந்திருக்கிறான். எது வரக் கூடாது என்று எங்களை அனுப்பினீர்களோ அதுவே வந்துவிட்டது. பெட்ரோ கோவாவில் அவன் அண்ணனுடைய பேக்கரியில் நிற்கிறான். என் பழைய செட்டை ஹோட்டல் விற்றபோது பாய் எனக்காக எடுத்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை கோடவுனில் வாசிக்கிறேன். வங்கியில் வேலை பார்க்கிற கோவாக்காரர் ஒருத்தர் ட்ரம்பெட்டோடு வருகிறார். நிறையத் தப்பு விடுகிறார், ஆனால் ஒவ்வொரு வாரமும் வேறு வேறு தப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அண்ணிக்கு இது வலிக்கும், எனக்குத் தெரியும். அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த மலரை அவர்களுக்குத் தபாலில் அனுப்ப மாட்டேன், வேறு யார் கையிலும் கொடுத்துவிட மாட்டேன். அடுத்த லீவில் தாஸையும் கூட்டிக்கொண்டு நானே போவேன். போகிற வழியில் அவனுக்கு முதலில் சொல்லிவிடுவேன். அண்ணி படித்து முடிக்கும் வரைக்கும் எதிரே உட்கார்ந்திருப்போம். வெளியே போங்கள் என்றால் போய்விடுவோம். "அப்போ அவியகிட்ட எல்லாமே பொய்யா?" என்று கேட்டால், இல்லை அண்ணி, சொன்னதில்தான் பொய், ஊதினதில் ஒரு பொய்யும் கிடையாது என்று சொல்வேன். அதை எங்கள் மூன்று பேரைத் தவிர வேறு யாராலும் அவர்களுக்குச் சொல்ல முடியாது.

இன்னமும் உங்கள் தம்பி,
சேவியர்